சோறு காய்ச்சப் போன தீவு

அந்தத் தீவின் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த கோடைக்குள் ஒஸ்லோவிலும் திராமனிலும் இருக்கிற எங்கள் சனத்தில் பாதிப்பேர் அங்கே போய் நிற்பார்கள். மீதிப்பேர் அவர்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு பின்னால் போவார்கள். கிரேக்க நாட்டுக்குச் சொந்தமான, விமான நிலையம் இல்லாத ஒரு சின்னத் தீவு என்று தெரிந்தால் போதும். பக்கத்துப் பெரிய தீவுக்குப் பறந்துபோய் அங்கிருந்து கப்பல் எடுக்கவேண்டும். அங்கே எங்களுக்குத் தெரிந்தவர் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

கலியாணம் கட்டி நோர்வேக்கு வந்த நாளிலிருந்து நான் விடுமுறை என்று ஒன்று போனதில்லை. பயணம் போயிருக்கிறேன், அது வேறு. லண்டனில் சாமத்திய வீடு, பாரிஸில் கலியாணம், ஜெர்மனியில் ஆண்டுத் திவசம், ரொறன்ரோவில் அறுபதாம் பிறந்தநாள். விமானத்தால் இறங்கி நேரே யாராவது ஒருவரின் குசினிக்குள் போவேன். வெங்காயம் உரிப்பேன், பலகாரம் சுடுவேன், வந்தவர்கள் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவுவேன், பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வருவேன். பாரிஸின் பெரிய இரும்புக் கோபுரத்தை இத்தனை தரம் போயும் கார்க் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் மடியில் இடியப்பப் பெட்டியை வைத்துக்கொண்டு. ஊர் பார்த்தது என்றால் ரொறன்ரோ போனபோது நயாகரா பார்த்தது ஒன்றுதான்.

குரோருட்டில் நான் வேலை செய்யும் வயோதிபர் இல்லத்தில் ஓகஸ்ட் முடிய ஒவ்வொருத்தியும் வெயிலில் சிவந்து வருவாள். தெற்கே வெயில் அடிக்கிற நாடு எதுவாக இருந்தாலும் நோர்வேக்காரருக்கு அது 'சீடென்' தான். "நீ சீடென் போகவில்லையா?" என்று கேட்பார்கள். லண்டனுக்குப் போனேன் என்பேன். அங்கே என்ன பார்த்தாய் என்று அடுத்த கேள்வி வரும். வடை சுட்டேன் என்றா சொல்வது?

ஐம்பது கடந்த பிறகு நான் நீந்தப் பழகினேன். வேலையில் ஆட்களைத் தூக்கித் தூக்கித் தோள் பழுதாகிவிட்டது. தண்ணீருக்குள் இறங்கிக் கையை அசை என்று வைத்தியர் சொன்னார். பக்கத்து நீச்சல் தடாகத்தில் வளர்ந்த பெண்களுக்கு என்று ஒரு வகுப்பு நடந்தது. நான் யாழ்ப்பாணத்தில் கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள்தான். ஆனால் எங்கள் வீட்டில் பெட்டைப்பிள்ளைகளுக்குக் கடல் முழங்கால் மட்டும்தான். அண்ணன்மார் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூரம் போவார்கள், நாங்கள் அவர்களுடைய சேர்ட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அதனால் முதல் நாள் வகுப்பில் சுவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். இரண்டாவது குளிர்காலம் முடியும்போது அந்தத் தடாகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிற்காமல் போனேன்.

"கடலில் இதைவிடச் சுகம்," என்றாள் பழக்கிய பெண். "உப்புத் தண்ணீர் உன்னைத் தூக்கி வைத்திருக்கும்."

நான் மற்றவர்களைத் தூக்கித்தான் சம்பளம் வாங்குகிறேன். என்னை ஏதாவது தூக்கி வைத்திருக்கும் என்று அதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை, ஒருதரம் சூடான கடலில், கால் எட்டாத இடத்தில் நீந்தவேண்டும். பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகளிடம்தான் சொன்னேன். அவள் அந்தத் தீவைத் தேடிப்பிடித்து, ஒரு வாரத்துக்கு எனக்கும் அவளுடைய அப்பாவுக்கும் எல்லாவற்றையும் பதிந்து தந்தாள். என் கணவருக்கு நான் போட்டது ஒரே ஒரு நிபந்தனை.

"ஒருத்தருக்கும் சொல்லப்படாது."

"ஓம் ஓம்," என்றார், பேருந்து ஓட்டிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே.

ஒஸ்லோ விமான நிலையத்தில் பெட்டி கொடுக்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் மச்சாள் நின்றார். என் கணவரின் தமக்கை, திராமனில் இருப்பவர். பக்கத்தில் அவருடைய கணவர். என் கணவருக்கு அத்தான், நான் அண்ணை என்று கூப்பிடுவேன். வருடத்துக்கு நாலு வசனம் கதைக்கிற மனிதர். அவர்களுக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய பெட்டிகள், அவற்றுக்கு மேல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு ரைஸ் குக்கர்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. இந்த நேரத்தில் இவர்கள் எங்கே போகிறார்கள் என்றுதான் யோசித்தேன். பிறகு மச்சாள் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"நீங்கள் ரெண்டுபேரும் தனியப் போய் என்ன செய்யப் போறியள்?" என்றார் மச்சாள். "ஆக்களோடை போனால்தானே போனமாதிரி இருக்கும். நான் அரிசி, தூள், கருவாடு எல்லாம் கொண்டுவந்தனான். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

கணவரை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா கேட்டா, எங்கை போறியள் எண்டு. பொய் சொல்லேலுமே?"

"சொல்லாமல் இருக்கேலும்தானே?"

"நீர் ஏன் உப்பிடிக் கத்துறீர்? சனம் பாக்குது."

சனம் பார்க்கவில்லை. சனம் தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் எந்த நாட்டு விமான நிலையத்திலும் சனம் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்படியே திரும்பி ரயில் எடுத்து வீட்டுக்குப் போயிருக்கவேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். போகவில்லை, கடல் ஆசை என்னை இழுத்தது.

விமானத்தில் மச்சாள் இருக்கை மாற்றிக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் இருந்தார். நான் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் கிளம்ப முதலே நித்திரையாகிவிட்டார். பெரிய தீவில் இறங்கித் துறைமுகத்துக்குப் போனால் காற்று பேய் மாதிரி அடித்தது. கோடையில் அந்தப் பக்கம் வடக்கிலிருந்து அடிக்கிற காற்றாம், அது நிற்கும்வரை கப்பல் போகாது என்றார்கள். ஒரு நாள் அப்படியே போனது. அடுத்த நாள் காலை கப்பல் வெளிக்கிட்டது. துறைமுகம் தாண்ட முதலே மச்சாளுக்குத் தலைசுற்று, சத்தி. ஒரு தீவிலிருந்து மறு தீவு வரைக்கும் நான் அவருக்குப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி மேல்தட்டில் நின்று கடலைப் படம் பிடித்து எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப்பில் போட்டார். கடல் எனக்கு முதுகுப் பக்கம் இருந்தது.

தீவு அழகு. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். துறைமுகத்தைச் சுற்றி மஞ்சளும் வெள்ளையுமாக வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. துறைமுகத்தை விட்டால் வாகனம் போகிற தெரு இல்லை, எங்கே பார்த்தாலும் படிதான். பெட்டிகளை ஒரு மூன்று சில்லு வண்டி பாதிவழி மட்டும் கொண்டுவந்தது. மீதி வழிக்கு நாங்கள் தூக்கினோம். என் கணவர் ரைஸ் குக்கரைத் தோளில் வைத்துக் கோயில் சாமான் மாதிரி பக்குவமாகக் கொண்டுபோனார். வீட்டுக்காரி ஒரு கறுப்புச் சட்டைக்காரி, எங்கள் வயதுதான் இருக்கும். குழாயைக் காட்டி, தீவில் நல்ல தண்ணீர் இல்லை, அது கப்பலில்தான் வருகிறது, பார்த்துப் பாவியுங்கள் என்று கையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் சொன்னாள்.

அங்கே படகுதான் பஸ். ஒவ்வொரு காலையும் துறைமுகத்தில் சின்ன மரப் படகுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடாவுக்குப் போகும். கால்நடையாகப் போகமுடியாத குடாக்கள், மூன்று பக்கமும் மலை, நடுவில் பச்சைக் கண்ணாடி மாதிரித் தண்ணீர். காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பின்னேரம் வந்து ஏற்றுவார்கள். எங்கள் குசினி யன்னலால் பார்த்தால் படகுகள் தெரியும். அவை புறப்படுவதை நான் தினமும் பார்த்தேன், கையில் அகப்பையோடு.

ஏனென்றால் மச்சாளுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. தம்பிக்கும் ஒத்துக்கொள்ளாது என்று அவரே சொல்லிவிட்டார். முதல் நாள், "இண்டைக்கு மட்டும் சமைச்சுச் சாப்பிட்டிட்டுப் போவம்," என்றார். அவர் அரிசியைக் களைவார், களைவார், தண்ணீர் தெளியும்வரை களைந்துகொண்டே இருப்பார். பிறகு தலையிடி என்று போய்ப் படுப்பார். கறி என் பாடு. சமைத்து, சாப்பிட்டு, கழுவி முடிய வெயில் உச்சிக்கு வந்துவிடும். "இந்த வெய்யிலுக்கை போனால் கறுத்துப்போவம்," என்பார் மச்சாள். இரண்டாம் நாள் ரைஸ் குக்கரைப் போட்ட கையோடு வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. எங்கள் வீடு மட்டுமில்லை, கீழே வீட்டுக்காரியின் வீடும் சேர்த்து. அவள் படியேறி வந்து குக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரில் இருந்த கரண்ட் பெட்டியைத் திறந்து எதையோ தட்டிவிட்டுப் போனாள். விடுமுறைக்கு வந்த இடத்தில் என்ன செய்கிறாய் மனுசி என்று அவள் கேட்காதது மட்டும்தான் குறை. அதற்குப் பிறகு சோறும் அடுப்பில், என் பாடு.

மூன்றாம் நாள் பின்னேரம் படியில் வைத்துக் கணவரைப் பிடித்தேன்.

"நாளைக்கு நான் தனியப் படகிலை போய் வரப்போறன். நீந்தப் போறன்."

"தனியவோ? அக்கா என்ன நினைப்பா?"

"அக்கா என்னவும் நினைக்கட்டும்."

"அதில்லை. நீர் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு..." என்று தொடங்கி, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நின்றார். "அத்தானும் நிக்கிறார். வடிவில்லையெல்லே."

அந்த உடுப்பு கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடுகிற கறுப்பு நீச்சலுடை. அதைத் தடாகத்தில் பார்த்து ஒருவரும் கண்ணை மூடவில்லை. அவருக்கு அது வடிவில்லை. சொந்தத் தமக்கைக்கு முன்னால் மனைவி வேர்க்க விறுவிறுக்கச் சட்டியோடு நிற்பது மட்டும் வடிவு. எனக்கு அவரை அந்தப் படியால் தள்ளிவிடவேண்டும் போல இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவர் என்றால் எப்போதோ ஒரு முடிவு எடுத்திருப்பேன். இவர் ஒன்றையும் காணமாட்டார். அடுத்த நாளும் படகு போனது. நான் கத்தரிக்காய் பொரித்தேன்.

திரும்பிப் போவதற்கு முதல் நாள் காலையில் கணவரின் கைபேசி அடித்தது. ரொறன்ரோவிலிருந்து அவருடைய சித்தப்பாவின் மகன். கணவர் கேட்டுக்கொண்டே கதிரையில் இருந்துவிட்டார். சித்தப்பா மகனுடைய மனைவி போய்விட்டாவாம். மாரடைப்பு. குசினிக்குள்தான் விழுந்தாவாம்.

அவவை நான் ஒரே ஒரு தரம்தான் கண்டிருக்கிறேன், அந்த அறுபதாம் பிறந்தநாளுக்குப் போனபோது. இரண்டு வாரம் அவர்கள் வீட்டில் நின்றோம். என் வயதுதான் அவவுக்கு. அவவும் நானும் ஒரே பலகையில் வெங்காயம் அரிந்தோம். ஒரு நாள் எல்லோரையும் நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாகனத்தில் ஏறும்போதுதான் கவனித்தேன், அவ வாசலில் நின்றா. நீங்களும் வாருங்கோவன் என்றேன். "நீங்கள் களைச்சு வருவியள் எல்லே, ஆர் சமைக்கிறது?" என்று சிரித்தா. "நான் இன்னும் பாக்கேல்லை. வாற ஒவ்வொரு ஆக்களையும் கூட்டிக்கொண்டு போவினம். நான் நிண்டு சமைப்பன். ஒருநாளைக்குப் போவம்." கலியாணம் கட்டிப்போன நாளிலிருந்து அந்த நகரத்தில் இருந்தவ. வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்த தண்ணீரை அவ பார்க்கவில்லை.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவவின் புருஷன்மேல், என் புருஷன்மேல், அந்த வாகனத்தின்மேல், அன்றைக்கு நாங்கள் திரும்பி வந்தபோது மேசையில் சுடச்சுட இருந்த ஆட்டிறைச்சிக் கறியின்மேல்.

மச்சாள் அறையிலிருந்து வந்து தலையில் கையை வைத்தார். பிறகு உடனே சடங்குக்கு வந்துவிட்டார். "ஐயோ, துடக்கெல்லே வந்திட்டுது. எல்லாரும் முழுகவேணும். இண்டைக்கு ஒரு இடமும் போகேலாது. நீர் மரக்கறி மட்டும் சமையும்."

சாவுச் செய்தி கேட்டால் தலை முழுகவேண்டும், அது எங்கள் வழக்கம். செத்தவர் தந்தைவழிச் சொந்தம் என்றால் முப்பத்தொரு நாள் தீட்டு, அதுதான் துடக்கு, அந்த வீட்டில் மற்றவர்கள் கை நனைக்க மாட்டார்கள். இந்தச் சட்டங்களை எனக்குக் கலியாணத்துக்குப் பிறகு வரி வரியாகச் சொல்லித்தந்ததே மச்சாள்தான். எத்தனை திருவிழாவுக்கு, எத்தனை கொண்டாட்டத்துக்குத் துடக்கு என்று என்னை மறித்திருக்கிறார். வெங்காயத்தைக் கையில் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

"மச்சாள், துடக்கு ஆருக்கு?"

"எங்களுக்குத்தான். சித்தப்பான்ரை மருமகளெல்லே."

"இல்லை. நீங்கள் கலியாணம் கட்டி வேறை குடும்பத்துக்குப் போனனீங்கள். உங்களுக்கு முழுக்கு மட்டும்தான். துடக்கு உங்கடை தம்பிக்கும் எனக்கும். நீங்கள்தானே சொல்லித்தந்தனீங்கள்."

மச்சாள் வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார்.

"துடக்குக்காரி சமைச்சு நீங்களும் அண்ணையும் சாப்பிடப்படாது. அது பாவம். நான் முப்பத்தொரு நாளைக்குச் சட்டி தொடேன்."

"பயணத்திலை அதெல்லாம் பாக்கத் தேவையில்லை..."

"பாக்கவேணும் மச்சாள். செத்தது அந்த மனிசி. அவவுக்கு ஒண்டையும் குறைவிடப்படாது."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மூலையில் இருந்த அண்ணை தொண்டையைச் செருமினார். "அப்ப கடையிலை சாப்பிடுவம்," என்றார். அந்த வாரம் முழுவதும் அவர் பேசிய முதல் வசனம் அது. சொல்லிவிட்டுச் சப்பாத்தைத் தேடத் தொடங்கிவிட்டார்.

"முதலிலை முழுக்கு," என்றார் மச்சாள், விட்ட இடத்தைப் பிடிக்கப் பார்த்து. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் நூல் மாதிரி வந்தது, பிறகு அதுவும் நின்றது. தொட்டித் தண்ணீர் அவ்வளவும் அத்தனை நாள் அரிசி களைந்ததிலேயே போய்விட்டது.

"கடல் இருக்குத்தானே," என்றேன். "ஊரிலை செத்தவைக்குக் கீரிமலையிலை கடல் ஓரத்திலைதானே எல்லாம் செய்யிறம்."

நான் அறைக்குள் போய்க் கறுப்பு நீச்சலுடையைப் போட்டு, மேலே ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். படி இறங்கும்போது கணவர் என் பக்கத்தில் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என் துவாயை வாங்கிக்கொண்டார். நாங்கள் நாலு பேரும் கடைசிப் படகில் ஏறினோம். படகு நிறைய வெயிலுக்குப் போகிற ஆட்கள், நடுவில் செத்தவீட்டு முகத்தோடு நாங்கள். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு தம்பியின் கையைப் பிடித்திருந்தார். இந்த முறை பையை அவருடைய தம்பி பிடித்தார்.

குடாவில் கரை முழுக்கக் கூழாங்கல், ஓரத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. மச்சாள் சேலையோடு கரையில் இருந்து, கையால் தண்ணீர் அள்ளித் தலையில் மூன்று தரம் விட்டார். அண்ணையும் அப்படியே செய்துவிட்டுச் சாப்பாட்டுக்கடையைப் பார்த்து நடந்தார். கணவர் காற்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கிக் குனிந்து தலை முழுகினார். அவருக்கு நீந்தத் தெரியாது. நான் சட்டையைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்தேன். மச்சாள் முகத்தைத் திருப்பினார். திருப்பட்டும் என்று இறங்கினேன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. அங்கே நின்று மூன்று தரம் முழுகினேன். ஒவ்வொரு முழுக்குக்கும் அவவை நினைத்தேன். வாசலில் நின்று சிரித்த சிரிப்பை நினைத்தேன். மூன்றாவதில்தான் எனக்கு அழுகை வந்தது, அது தண்ணீருக்குள் யாருக்கும் தெரியவில்லை.

"மூண்டு முழுக்கும் முடிஞ்சுதெல்லே?" மச்சாள் கரையிலிருந்து கூப்பிட்டார். "ஏறி வாரும்."

"தூரப் போகாதையும்," என்றார் கணவர். அவருடைய ஒரு கையில் என் சட்டை, மறு கையில் என் துவாய்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"முடிஞ்சுது மச்சாள். அது அவவுக்கு," என்று கத்தினேன். "இனி என்ரை."

காலை எடுத்தேன். அடியில் கல் இல்லை. கடல் என்னைத் தூக்கி வைத்திருந்தது.